காலைக் கொசு வேறு, ராத்திரிக் கொசு வேறு

போன ஐப்பசியில் அடைமழை விட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். காலை எட்டு மணிக்குத் துணி காயப்போடக் கொல்லைக்குப் போன என் மனைவி, ரெண்டே நிமிஷத்தில் காலைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்து, "என்னங்க, பட்டப்பகல்ல இந்தப் பிடுங்கு பிடுங்குது, அந்தச் சாக்கடையை யாரும் வந்து பார்க்கவே மாட்டாங்களா" என்றாள். நானும் சாக்கடையைத்தான் திட்டினேன். சொல்லி வைத்ததில் ஒருநாள் சாயங்காலம் புகை மருந்து அடிக்க ஆள் வந்தார், தெருவே வெள்ளையாகி, பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடி, எல்லாம் ஆயிற்று. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அதே கடி. சாக்கடை மேல் எங்களுக்கு இருந்த கோபம் நியாயமானதுதான், ஆனால் இந்தக் கடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்குப் புரிய இன்னும் பத்து நாள் பிடித்தது.

விஷயம் இதுதான்: ஒரு கொசு உங்களை எந்த நேரத்தில் கடிக்கிறது என்பதை வைத்தே அது எந்தத் தண்ணீரில் பிறந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நாம் எல்லாவற்றையும் "கொசு" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் (இலங்கைத் தமிழில் நுளம்பு, அங்கேயும் ஒரே பெயர்தான்) எல்லாம் சாக்கடையிலிருந்து வருவதாக நினைத்துக்கொள்கிறோம். நம் ஊர் வீடுகளில் முக்கியமாகத் தொல்லை கொடுப்பவை மூன்று வகை. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் காலில் வெள்ளை வளையமும் போட்டு, பகலில், அதிலும் விடிந்த பிறகு சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முன் சில மணி நேரமும் கடிப்பது ஏடிஸ். மண் நிறத்தில், ராத்திரி விளக்கை அணைத்ததும் காதோரம் வந்து பாட்டுப் பாடுவது கியூலெக்ஸ். சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கி, ஆணி அடித்தமாதிரி சாய்வாக உட்காருவது அனாபிலிஸ், இதுவும் இருட்டிய பிறகுதான் வரும். சாக்கடைக்குச் சொந்தக்காரர் கியூலெக்ஸ் மட்டும்தான்.

ஏடிஸ் சாக்கடை பக்கமே எட்டிப் பார்க்காது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அது விரும்புவது தேங்கி நிற்கிற ஓரளவு தெளிந்த தண்ணீரை, அதுவும் ஒரு பாத்திரம் போன்ற சுவருக்குள் நிற்கிற தண்ணீரை. குளம், குட்டை, ஆறு எல்லாம் அதற்கு வேண்டாம். கொட்டாங்குச்சி போதும், குடித்துப் போட்ட இளநீர்க் கூடு போதும், பாட்டில் மூடிகூடப் போதும். இன்னொரு முக்கியமான குணம், அது ரொம்ப தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் வாழ்க்கை முடிந்துவிடும். அதனால் காலை எட்டு மணிக்கு உங்கள் கொல்லையில் ஒரு கொசு கடித்தால், அது உங்கள் கொல்லையிலோ பக்கத்து வீட்டுக் கொல்லையிலோ பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஊர்க்கோடி வாய்க்காலைக் குற்றம் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் அந்த முட்டை விஷயம். கியூலெக்ஸ் தண்ணீரின் மேலேயே நூறு முதல் முந்நூறு முட்டைகளை ஒட்டி ஒட்டி ஒரு குட்டித் தெப்பம் மாதிரி மிதக்க விடும், அந்தத் தண்ணீரைக் கொட்டினால் முட்டையும் போய்விடும். ஏடிஸ் அப்படிச் செய்வதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கிற உள்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும், அதையும் ஒரே இடத்தில் வைக்காமல் நாலைந்து பாத்திரங்களில் பிரித்துப் பிரித்து வைக்கும். தண்ணீர் வற்றிப் போனாலும் அந்த முட்டை சாகாது. மாதக்கணக்கில், ஆறு மாதத்துக்கு மேலேகூட, காய்ந்த சுவரில் மிளகைவிடப் பல மடங்கு சிறிய கறுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொண்டே இருக்கும். மழை பெய்து தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் பொரித்துவிடும். சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த டயர் புரட்டாசியில் திடீரென்று கொசு உற்பத்தி செய்வது இப்படித்தான். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேங்காய் நாரோ பிளாஸ்டிக் பிரஷோ வைத்து உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர்கள் சொல்வது இதற்காகத்தான். நான் அதை வெறும் சுத்தம் பற்றிய உபதேசம் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க நம் ஊர்ச் சூட்டில் ஏழிலிருந்து பத்து நாள். வாரத்துக்கு ஒருநாள் எல்லாத் தண்ணீரையும் காலி செய்யுங்கள் என்ற கணக்கு இதிலிருந்து வந்ததுதான். பத்து நாளைக்கு ஒருமுறை செய்தால் பாதி கொசு பறந்துபோன பிறகு தொட்டியைக் கழுவுகிறோம் என்று அர்த்தம். புழு இருக்கிற தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, அங்கே போய் மிச்ச வளர்ச்சியை முடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வெயில் படுகிற காய்ந்த மண்ணில் ஊற்றிவிட்டால் கதை முடிந்தது.

சரி, எங்கள் கொல்லைக்கு வருகிறேன். கொட்டாங்குச்சி, பழைய பெயின்ட் டப்பா, உடைந்த குடம் எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று. பாட்டி காலத்து ஆட்டுக்கல்லின் குழியில் மண்ணைப் போட்டு மூடியாயிற்று. செடித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளை எடுத்தாயிற்று. கடி குறைந்தது, நிற்கவில்லை. பத்தாவது நாள், புடலைப் பந்தலுக்குக் கீழே நிற்கும்போதுதான் கண்ணில் பட்டது: பந்தலுக்கு நட்ட மூங்கில் கால்களை மேலே கணுவுக்குக் கொஞ்சம் மேலாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்திலிருந்து கணுவரைக்கும் ஒரு டம்ளர் ஆழத்துக்கு மூங்கில் குழாய், அதற்குள் மழைத் தண்ணீர். ஸ்டூல் போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்தால் புழு நெளிகிறது, வெளிச்சம் பட்டதும் அடியில் போய் ஒளிகிறது. ஒன்பது கால், ஒன்பது தொட்டி. தலைக்கு மேலே வளர்த்துவிட்டுத் தரையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூங்கில், மரப்பொந்து, அன்னாசிச் செடியின் இலைக் கக்கம் மாதிரியான இடங்கள் ஏடிஸில் இன்னொரு இனத்துக்கு, முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு போட்ட அல்போபிக்டஸுக்கு, ரொம்பப் பிடித்தவை. ஏடிஸின் மற்ற இனமான ஈஜிப்டை வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் சட்டைகளுக்குள்ளும் ஒதுங்கும், இது செடிகொடி நிழலில் ஒதுங்கும். கேரளத்தில் ரப்பர் தோட்டங்களில் பால் எடுக்க மரத்தில் கட்டும் சிரட்டைகளில் மழைக்காலத்தில் தண்ணீர் நின்று இந்த இனம் பெருகியதும், 2007-இல் அங்கே சிக்குன்குனியா அப்படிப் பரவியதற்கு இது ஒரு காரணமாக இருந்ததும் தெரிந்த விஷயம். அதற்கு முந்தின வருஷம் இங்கே ஊர் ஊராக மனிதர்கள் மூட்டு வலியில் குனிந்து நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சிக்குன்குனியா என்ற பெயரே கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழியில் "வளைந்து போவது" என்ற பொருளில் வந்ததுதான்.

கொல்லையில் நாம் பார்த்தும் பார்க்காமல் விடுகிற இடங்கள் எல்லாம் இந்த ஜாதிதான். விறகையோ செங்கல்லையோ மூடிய தார்ப்பாயின் மடிப்பு, துணிக்கொடி கட்டிய இரும்புக் குழாயின் மூடாத வாய், கதவு கேட்டின் பொள்ளலான கம்பி, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்த வாளி, ஓட்டுச் சரிவின் தகரக் கால்வாயில் இலை அடைத்து நிற்கிற தண்ணீர். மழைநீர்த் தொட்டியும் இதில் சேரும். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். ஆனால் கட்டின பிறகு மணலும் ஜல்லியும் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காமல் நிற்கிற குழிகள் எத்தனை என்று யாராவது திறந்து பார்த்தால் தெரியும். நல்ல குழி என்றால் மழை விட்டு ஓரிரு நாளில் தண்ணீர் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

தண்ணீர் பிடித்து வைக்கிற பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏடிஸ் பரப்புகிற டெங்குவுக்கு மழை நோய் என்று பேர். அது பாதி உண்மை. குழாயில் நாலு நாளைக்கோ வாரத்துக்கோ ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்றால் வீட்டில் டிரம், சிமென்ட் தொட்டி, அண்டா, குடம் என்று வரிசையாகப் பிடித்து வைக்காமல் என்ன செய்வது? அந்த டிரம்மைக் கடைசிச் சொட்டு வரை காலி செய்து தேய்த்துக் கழுவுகிற தைரியம் யாருக்கு வரும்? 2012-இல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு உறுதியானபோது திருநெல்வேலி மாவட்டம், அதிலும் கடையநல்லூர்ப் பக்கம், பட்ட பாடு பெரிது. 2017-இல் அந்த எண்ணிக்கை 23,000-ஐத் தாண்டியது. மக்களுக்குச் சுத்தம் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் தினம் தண்ணீர் வருகிற தெருவில் டிரம்மே இருக்காது. அதுவரை செய்ய முடிந்தது, வேட்டித் துணியை வாய்க்கு மேல் இழுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது. தட்டை வைத்து மூடினால் ஒரு விரல் இடைவெளியில் கொசு புகுந்துவிடும்.

இனி ராத்திரிக் கொசு. மூங்கில் காலில் மணலை நிரப்பிய பிறகு எங்களுக்குக் காலைக் கடி ஏறக்குறைய நின்றுபோயிற்று, ஆனால் ராத்திரிப் பாட்டு அப்படியே இருந்தது. கியூலெக்ஸுக்குக் கெட்டுப்போன, சத்து நிறைந்த, நாற்றமடிக்கிற தண்ணீர்தான் வேண்டும், ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் பறந்து வரக்கூடியது. அதனால் இதில் உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான். யானைக்கால் நோயைப் பரப்பியது இதுதான், தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தக் கால்களை நேரில் பார்த்த நினைவு இருக்கும். ஆனாலும் சாக்கடையைக் கை காட்டுவதற்கு முன் ஒன்று பார்த்துவிடுங்கள்: உங்கள் வீட்டுச் செப்டிக் டேங்க். இருட்டுகிற நேரத்தில் அதன் காற்றுக் குழாயின் மேல்வாயில் ஒரு வெள்ளைத் துணியைத் தொப்பி மாதிரிக் கட்டிவிட்டு அரை மணி கழித்து அவிழ்த்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் துணியின் உள்பக்கம் எள் தெளித்தமாதிரி இருந்தது. தெருச் சாக்கடையைத் திட்டிக்கொண்டே நாங்கள் சொந்தமாக ஒரு பண்ணை நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

குழாய் வாயில் நைலான் வலை கட்ட வேண்டும், அவ்வளவுதான். இரும்பு வலை அந்த வாயுவுக்கு ஒரு வருஷத்தில் துருப்பிடித்து உதிரும். மூடிப் பலகைகளுக்கு இடையே உள்ள விரிசலைச் சிமென்ட் கலவையால் பூசிவிட வேண்டும். திறந்து பார்க்க முடிகிற கழிவுநீர்க் குழிக்கு இன்னொரு வழியும் உண்டு: தெர்மாகோல் மணிகளைத் தண்ணீர் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுவது. தெர்மாகோல் என்றதும் 2017-இல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டது ஞாபகம் வந்து சிரிக்காதீர்கள். அங்கே காற்று அடித்துக் கரையில் ஒதுங்கிவிட்டது, மூடிய குழிக்குள் காற்றே இல்லை. மேலே ஏறி மூச்சு விடப் புழுவுக்கு வழி கிடைக்காது, தாய்க் கொசுவுக்கு முட்டையிட இடம் கிடைக்காது, மணி மக்கிப்போவதும் இல்லை. ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் குழிக் கழிப்பறைகளில் இதைச் செய்து யானைக்கால் கொசுவை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள்.

அனாபிலிஸைப் பற்றிச் சுருக்கமாக. நகரத்து மலேரியாவைப் பரப்பும் ஸ்டெபென்சி என்ற இனம் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளரும், சென்னையில் மலேரியா நெடுங்காலம் விடாமல் இருந்ததற்கு மூடாத மாடித் தொட்டிகள் பெரிய காரணம். புழுவைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். மற்ற இரண்டின் புழுவும் வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும், இது தண்ணீருக்கு மேல் பாயில் படுத்தமாதிரிக் கிடைமட்டமாகக் கிடக்கும். 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது, அடுத்த சில மாதங்களிலேயே மன்னார்த் தீவின் கிணறுகளில் இந்த ஸ்டெபென்சியைக் கண்டுபிடித்து அங்கே எல்லோரும் பதறிவிட்டார்கள். அதுவரை அந்த நாட்டில் பதிவாகாத கொசு அது. கிணறு இருந்தால் கொசுவலை அளவுக்குக் கண் நெருக்கமான வலையைப் போட்டு மூடுங்கள், தொட்டி மூடியை காற்று தூக்கிப் போட்டுவிட்டதா என்று மாதம் ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள்.

மருந்து விஷயத்தில் எனக்கு இருந்த நம்பிக்கை எல்லாம் தலைகீழாகிவிட்டது. தெருவில் அடிக்கிற புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கிற கொசு மேல் பட்டால்தான் கொல்லும், பிறகு காற்றோடு போய்விடும், தண்ணீருக்குள் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற ஏடிஸுக்குத் தெருப் புகை எட்டுவதும் கஷ்டம், நாம்தான் புகை வரும்போது ஓடிப்போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுகிறோமே. ஒரு தெருவில் டெங்கு வந்துவிட்டால் கிருமியோடு திரிகிற கொசுக்களை உடனே குறைக்க அது உதவும், மற்றபடி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு வேலை நடந்தது என்ற திருப்திதான். தொட்டியில் சுகாதாரப் பணியாளர் ஊற்றிவிட்டுப் போகும் அபேட் மருந்து, அதாவது டெமிபாஸ், அதைவிட உருப்படியானது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில்தான் கலப்பார்கள், குடிநீர்த் தொட்டிகளிலேயே பயன்படுத்த அனுமதித்த அளவு அது. வாசனைக்குப் பயந்து அவர்கள் போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே புதிதாகப் பிடித்து வைக்கிறவர்கள் உண்டு, அது வீண்.

பிடிஐ என்று ஒரு பாக்டீரியா மருந்து இருக்கிறது, 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டுபிடித்தது. கொசுப்புழு அதைத் தின்றால் வயிற்றுக்குள் அதன் நச்சு கரைந்து குடலைக் கிழித்துவிடும், மீனுக்கும் மனிதருக்கும் ஒன்றும் செய்யாது. கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை என்பதால் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்ட கொசுவை இது தடுக்காது. கிணறு, அலங்காரத் தொட்டி மாதிரி கவிழ்க்க முடியாத இடங்களுக்கு கப்பி மீன் விடலாம், மலிவு, தானே பெருகும். வாய்க்காலோடும் குளத்தோடும் தொடர்புள்ள தண்ணீரில் மட்டும் விடாதீர்கள். வெளிநாட்டு மீன், நம் ஊர்ச் சின்ன மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். எங்கள் பக்கம் சிலர் தலைப்பிரட்டையைப் பிடித்து விடுகிறார்கள், அது பெரும்பாலும் பாசியைத்தான் தின்னும், பாவம். கழிவு ஆயிலை ஊற்றினால் புழு மூச்சு முட்டிச் செத்துவிடும் என்பது நிஜம், அதே ஆயில் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகும் என்பதும் நிஜம்.

நொச்சிச் செடி வைத்தால் கொசு வராது என்று நர்சரியில் சொல்வார்கள். நொச்சி இலையையோ வேப்பிலையையோ அரைகுறையாக எரித்துப் புகை போட்டால் கொசு விலகும், நம் வீடுகளில் மாட்டுக் கொட்டகைக்கு இதைக் காலம்காலமாகச் செய்கிறோம். செடி சும்மா நின்றுகொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது, இலை கசங்கினால்தானே எண்ணெய் வெளியே வரும். அடர்ந்து வளரவிட்டால் அதன் நிழலிலேயே கொசு உட்கார்ந்து இளைப்பாறும். கொசுவர்த்திச் சுருளைத் திறந்த கொல்லையில் கொளுத்துவது காசுக்குக் கேடு, மூடிய அறையில் கொளுத்தினால் ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். நீல விளக்குப் பெட்டியில் படபடவென்று பொரிவது பெரும்பாலும் ஈசலும் அந்துப்பூச்சியும். கொசு வெளிச்சத்தைத் தேடி வருவதைவிட நம் மூச்சையும் வியர்வையையும் உடம்புச் சூட்டையும் தேடித்தான் வருகிறது. காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி என்று விற்பதை வாங்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். சாயங்காலம் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டுமென்றால் ஒரு ஸ்டாண்டு ஃபேனை இழுத்துக்கொண்டுவந்து கால் பக்கம் திருப்பி வையுங்கள். கொசுவுக்கு நாம் நடக்கிற வேகத்தில் பறக்கவே தெம்பு கிடையாது, ஃபேன் காற்றை எதிர்த்து வந்து உட்கார முடியாது, நம் மூச்சு வாசனையும் கலைந்துபோகும்.

மிச்சமிருக்கிற சிக்கல் மதிலுக்கு அந்தப் பக்கம். நூறு மீட்டர் என்பது கிராமத்தில் நாலு கொல்லை, நகரத்தில் இருபது வீடு. இலங்கையில் 2007-இல் நுளம்பு பெருக இடம் கொடுப்பதையே குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள், இருந்தும் 2017-இல் அங்கே ஒரே வருஷத்தில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. நம் ஊர் உள்ளாட்சிகளிலும் அபராதம் போடுகிறார்கள். ஆனால் பூட்டிய வீட்டுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது? எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி யாரோ உறவுக்காரரிடம். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அவர்கள் தொட்டியின் கறுப்பு மூடி கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கவிழ்ந்து கிடப்பது தெரிகிறது, ஒட்டடைக் கம்பை நீட்டினால்கூட எட்டவில்லை. வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பினேன், "பொங்கலுக்கு வரேண்ணா, பார்த்துடறேன்" என்று பதில் போட்டிருக்கிறார். பொங்கலுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் என்று நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.